சுவரில் தெரிந்த அக்கா

"கண்ணை அசைக்காதீங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறையாவது சொல்கிறேன். திருவள்ளூரில் ஒரு கண் மருத்துவமனையில் எனக்கு வேலை. வருகிறவர்களைக் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, நடுவிலிருக்கும் புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஓரங்களில் எங்காவது வெளிச்சம் மினுக்கினால் அவர்கள் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஓரப் பார்வை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிகிற பரிசோதனை இது. ஓரத்தில் வெளிச்சம் வரும் என்று சொல்லிவிட்ட பிறகு நடுவை மட்டும் பார்க்கிற மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. "அசையாமதாம்மா பாத்துக்கினுகீறேன்" என்று ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் பெரியவர்கள் சத்தியமே செய்வார்கள். என் எதிரே இருக்கும் திரையில் அவர்களுடைய கண்மணி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கண் சும்மா இருக்கும் உறுப்பில்லை. ஒரே இடத்தைப் பார்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதும் அது நமக்குத் தெரியாமல் துளித்துளியாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த நடுக்கத்தால்தான் எதிரிலிருப்பது நமக்குத் தெரிகிறது. பார்வையை அளவுக்கு மீறி நிறுத்திவைத்தால் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கரைந்து போய்விடும். படிப்பில் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது வகுப்பில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான்காம் வகுப்பில் படிக்கும்போதே கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் நின்று, ஒரு சின்ன பிலிம் துண்டை வைத்துக்கொண்டு, இவ்வளவையும் நான் பார்த்து முடித்திருந்தேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ரயில் பாதைக்கு இந்தப்புறமாக எங்கள் தெரு. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு பாட்டில் கம்பெனியில் வேலை செய்தார். அம்மாவுக்கு இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் வேலை. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவளான அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு மருந்து டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற பேக்கிங் பிரிவில் சேர்ந்திருந்தாள். தலைமுடி வெளியே தெரியாமல் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பத்து விரலாலும் தலையைப் பறட் பறட்டென்று சொறிவாள். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். பிறகு என் டிபன் பாக்ஸைத் திறந்து, நான் மிச்சம் வைத்ததைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் அவளே தின்றுவிடுவாள்.

நைனாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஆட்டோ நின்றாலும் அவருடைய வாய் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஆட்டோவில் விட்டுப்போன ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு அம்மன் முகம் வெள்ளைக்குக் கறுப்பும் கறுப்புக்கு வெள்ளையுமாக மாற்றி அச்சடித்திருந்தது. மூக்கின் மேல் மூன்று புள்ளிகள். தெருப் பிள்ளைகள் எல்லோரையும் எங்கள் வீட்டுக்குள் வரிசையாக நிற்க வைத்தார்.

"அந்தப் புள்ளியையே பாக்கணும். கண்ணு அந்தாண்ட இந்தாண்ட போவக் கூடாது. முப்பது எண்ணி முடிச்சதும் செவுத்தப் பாருங்க, அம்மன் வந்து நிக்கும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா ஒண்ணு, பாவம் பண்ணவங்க கண்ணுக்குத் தெரியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கு எங்கள் தெருவில் பாவம் செய்தவர் ஒருவர்கூட இல்லை என்று தெரிந்தது. எல்லோர் கண்ணுக்கும் அம்மன் தெரிந்தாள். ஒருவன் அம்மன் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே சொன்னான். மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா நோட்டீஸைப் பார்க்காமலேயே சுவரை ஒரு பார்வை பார்த்து, "ஆமா, நல்லாதான் தெரியுது" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினாள். எனக்கு மட்டும் சுவர்தான் தெரிந்தது. வகுப்பிலிருந்து நான் எடுத்துவந்திருந்த கலர் சாக்பீஸ் ஞாபகம் வந்து அழுகை முட்டியது. அக்கா குனிந்து என் காதில், "எனக்குந்தான் தெர்ல. தெரியுதுன்னு சொல்லிடு, இன்னாத்துக்குப் பேஜாரு" என்றாள். தெரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னைத் தன் முன்னால் உட்காரவைத்தாள். நெற்றியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து என் தலையை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கைகளில் கம்பெனி சோப்பின் வாசனை அடித்தது. "ஓடலாம்னு பாக்குது பாரு தலை. வுடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நிதானமாக எண்ணினாள். முப்பது வந்ததும் என் தலையை அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பினாள். அம்மன் வந்துவிட்டாள். வெள்ளை முகம், கறுத்த முடி, கிரீடம் எல்லாம் இருந்தது. கிரீடத்தை நன்றாகப் பார்க்கலாம் என்று கண்ணை உயர்த்தினேன். முகமும் சேர்ந்து மேலே போய்விட்டது. இன்னும் உயர்த்தினேன். கூரை வரைக்கும் போய்விட்டது. அக்கா தன் தெத்துப்பல் தெரியச் சிரித்தாள்.

"தொரத்துனா ஓடும். நீ கம்முனு இரு, அதுவா நிக்கும்" என்றாள்.

அடுத்த வருடம் ஆடி மாதத்துக்கு முன்பு ஒரு நாள் அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. அவளுடைய கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கிற ஒருவரோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தாள். அவர் தெலுங்குக்காரர், வேறு ஆட்கள். காவல் நிலையத்தில் வைத்து, நானாகத்தான் வந்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று அக்கா சொன்னாளாம். இருவரும் ஆந்திர எல்லைக்கு அந்தப்புறம் சூளூர்பேட்டையில் குடியேறினார்கள். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் அரை மணி சொச்சத்தில் சூளூர்பேட்டை வந்துவிடும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தடதடவென்று போகிற ரயில்களில் பாதி அங்கேதான் போகின்றன. ஆனால் அவள் அமெரிக்கா போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு தூரமாகத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

காவல் நிலையத்திலிருந்து வந்த நைனா பெட்டியைத் திறந்து போட்டோக்களை எடுத்தார். எங்களிடம் இருந்ததே கொஞ்சம்தான். பெரியபாளையம் கோயிலுக்குப் போனபோது நான்கு பேரும் சேர்ந்து எடுத்த படத்தில் அக்கா நடுவில் நின்றிருந்தாள். அதனால் எங்கள் எல்லோரையும் சேர்த்தே கிழிக்க வேண்டியதாகிவிட்டது. "இந்த ஊட்ல இனிமே அந்தப் பேரு கேக்கக் கூடாது" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அம்மா பதிலுக்குக் கத்தியிருப்பாள், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். அவர் மெதுவாகச் சொன்னதால் அது நிலைத்துவிட்டது.

அக்கா இல்லாத வீட்டில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்த இட்லி அப்படியே இருந்தது. இரட்டைப் பின்னலை அம்மா ஒற்றைப் பின்னலாக்கினாள், அவளுக்கு நேரமில்லை. சாயங்காலம் தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பச்சைத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு பெண்கள் இறங்கிப் போவார்கள். இதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பழகிப்போனது உண்மைதான். ஒரு நாள் அக்காவின் முகத்தை நினைத்துப் பார்த்தபோது தெத்துப்பல் வலது பக்கமா இடது பக்கமா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு நான் பயந்ததுபோல் எப்போதும் பயந்ததில்லை.

பழைய பேப்பர்காரருக்குப் போட அம்மா எடுத்துவைத்திருந்த அக்காவின் பிளஸ் டூ புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்டுடியோ கவர் கீழே விழுந்தது. வேலைக்கு விண்ணப்பிக்க எடுத்த பாஸ்போர்ட் போட்டோவின் கவர். போட்டோ ஒன்றுகூட இல்லை, எல்லாம் கம்பெனிகளுக்குப் போய்விட்டன. உள்ளே நெகட்டிவ் மட்டும் இருந்தது. அப்போது எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் பிலிமில்தான் படம் எடுத்தார்கள். இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். முடி வெளுத்து, முகம் கருநீலமாக, கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளியாக ஏதோ ஒன்று என்னைப் பார்த்தது. பயத்தில் கீழே போட்டுவிட்டேன். பிறகு எனக்கே புரிந்தது. சித்தப்பாவின் நோட்டீஸிலும் அம்மன் இப்படித்தான் இருந்தாள்.

என் தலையைப் பிடிக்க ஆளில்லாததால் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டேன். பிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மூக்கு நுனியைப் பார்த்தபடி முப்பது வரை எண்ணினேன். முதல் இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பாதி எண்ணும்போதே பிலிமில் அக்காவின் காது காணாமல் போனது. பிறகு முடி போனது. பிறகு தோள் போனது. நான் உற்றுப் பார்க்கப் பார்க்க அவள் ஓரத்திலிருந்து அழிந்துகொண்டு வந்தாள். கண்ணை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. எடுக்காமல் எண்ணி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவரில், லேசாக நீலம் பூசினாற்போல, அக்கா நின்றாள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் போய்விட்டாள். நான் உட்கார்ந்து அழுதேன், பிறகு எழுந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் வேலை. அம்மா வர ஆறு மணி ஆகும், அதற்குள் மேற்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருக்கும். சில இரகசியங்களை நானாகவே கண்டுபிடித்தேன். நோட்டுப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் பார்த்தால் அக்கா கட்டைவிரல் அளவுதான் இருப்பாள். சுவரில் பார்த்தால் நிஜ முகம் அளவு வருவாள். பின்னால் நகர்ந்து எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பார்த்தால் அதைவிடப் பெரிதாவாள். தூரம் போகப்போக அவள் பெரிதானாள். மறையப்போகிற நேரத்தில் கண்ணை நாலைந்து முறை படபடவென்று சிமிட்டினால் இன்னும் கொஞ்சம் நிற்பாள். ஆனால் அவளுடைய வாயைப் பார்க்க முடியவில்லை. ஸ்டுடியோக்காரர் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார், வாயை மூடித்தான் இருந்தாள். இருந்தாலும் ஒருவேளை பல் தெரியுமோ என்று கண்ணை இறக்கினால் அவளும் இறங்கிவிடுவாள், தரை வரைக்கும் போய்விடுவாள். கம்மென்று இருந்தால் நிற்பாள் என்று சொன்னவளே அவள்தான். அவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு கம்மென்று இருப்பது எப்படி என்று மட்டும் அவள் சொல்லித் தரவில்லை.

நைனாவுக்குக் காலை ஷிப்ட் வந்த வாரம் ஒன்றில் பிடிபட்டேன். அந்த வாரங்களில் அவர் மூன்று மணிக்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்குவார். அன்று தூங்குகிறார் என்று நினைத்து ஜன்னலோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்தப் பாத்துக்கினுகீற?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

கையை மூடிக்கொண்டேன். அவர் தன் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கொடுத்துவிட்டேன். என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவருடைய முதுகைப் பார்த்தே எனக்கும் அது தெரிந்தது. இப்போது கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பிலிம் கையால் கிழியாது, அடுப்பில்தான் போடுவார் என்றும் யோசித்தேன். அது போய்விட்டால் எங்கள் வீட்டில் அக்காவின் முகம் எங்கேயும் இல்லை. அந்த அவசரத்தில் வாய் தானாகவே உளறிவிட்டது.

"அத்தப் பாத்துட்டுச் செவுத்தப் பாத்தா அக்கா தெரியும் நைனா."

ஏழெட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன். வெளியே ஒரு ரயில் போனது. அது முழுதாகப் போய் முடிகிறவரை நைனா பிலிமை வெளிச்சத்திலிருந்து இறக்கவில்லை.

பிறகு, "எப்டி?" என்றார்.

விதிகளையெல்லாம் சொன்னேன். மூக்கு நுனியைப் பார்க்க வேண்டும், முப்பது எண்ண வேண்டும், தலை ஆடக் கூடாது. அவரை முக்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றுகொண்டு, அக்கா எனக்குச் செய்ததுபோலவே இரண்டு உள்ளங்கையையும் அவருடைய நெற்றியின் பக்கங்களில் வைத்து அழுத்திப் பிடித்தேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கைக்குக் கீழே ஏதோ துடித்தது. "ஆடாத நைனா" என்று அதட்டினேன். முப்பது வந்ததும் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"தெரியுதா?"

நைனா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "தெர்ல" என்றார்.

"கண்ணு ஆடிச்சா?"

"ஆடிச்சோ இன்னாவோ" என்றார். நெகட்டிவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "உன்கிட்டயே வச்சிக்கோ. அம்மாவாண்ட காட்டாத."

எனக்கு உயிர் வந்தது. கூடவே ஒரு திருப்தியும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பாவம் செய்தவர்களுக்குத் தெரியாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார் இல்லையா? அன்றைக்குத் தெருவில் அத்தனை பேரும் தெரியுது தெரியுது என்றார்கள். தெரியவில்லை என்று வாய்விட்டு ஒப்புக்கொண்ட ஒரே ஆள் எங்கள் நைனாதான். அக்காவின் படத்தைக் கிழித்தவருக்கு அக்கா தெரியாததுதான் நியாயம் என்று நினைத்தேன்.

ஆனால் மறுநாளும் அவர் தூங்கவில்லை. நான் புத்தகப் பையை இறக்குவதற்குள், "இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா, நேத்து சரியா வரல" என்றார். மறுபடியும் முக்காலி, மறுபடியும் நெற்றி, மறுபடியும் முப்பது. மறுபடியும் "தெர்ல." அதற்கு அடுத்த நாளும் அப்படியே நடந்தது. அந்த வாரம் முழுக்கவும், நடுவில் இரண்டு வாரம் விட்டு அடுத்த காலை ஷிப்ட் வாரத்திலும் எங்கள் பாடம் நடந்தது. இவ்வளவு மக்கான மாணவரை எந்த டீச்சரும் பார்த்திருக்க மாட்டார். சுவரைப் பார்க்கும்போது சொல்லாததையெல்லாம் செய்தார். முக்காலியிலிருந்து எழுந்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய் எதிர்ச்சுவரில் முதுகு முட்டியதும் நிற்பார். நான் அப்படிச் செய்யச் சொன்னதே இல்லை. கண்ணைப் படபடவென்று சிமிட்டுவார். அதையும் நான் சொன்னதில்லை. "சிமிட்டாத நைனா, அதான் உனக்கு வர மாட்டேங்குது" என்று எரிந்து விழுவேன். "சரி சரி" என்பார்.

நைனாவின் வேலை என்ன என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை. கம்பெனியில் அவர் செக்கிங் பிரிவில் இருந்தார். பின்னாலிருந்து வெளிச்சம் போட்ட வெள்ளைப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாகப் போகும். கீறல் விழுந்ததையும் அழுக்குப் பிடித்ததையும் பார்த்துப் பொறுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு பாட்டிலின் பின்னாலும் கண்ணை ஓட்டி, தலை சுற்றி வாந்தி எடுப்பார்களாம். "கண்ணு ஒரே எடத்துல நிக்கணும். பாட்டிலுதான் போவணும்" என்று சித்தப்பாவிடம் பெருமையாகச் சொல்வார். பெல்ட்டை நிறுத்தினால், நின்ற பாட்டில்களெல்லாம் வந்த வழியே திரும்பிப் போவதுபோல் கொஞ்ச நேரம் தெரியும் என்றும் சொல்வார். கண்ணை ஆடாமல் வைத்திருப்பதுதான் அந்த மனிதரின் பிழைப்பு. பத்து வருடமாக அதைச் செய்தவருக்கு முப்பது எண்ணும் நேரம் ஒரு பொருட்டா? அதுவும் போக, சுவரில் ஒன்றும் தெரியாதவர் அதைப் பெரிதாக்கப் பின்னால் நகர்வாரா, மறையாமலிருக்கக் கண்ணைச் சிமிட்டுவாரா? இதெல்லாம் எனக்குக் கல்லூரி விடுதியில் ஒரு மத்தியானம் சம்பந்தமே இல்லாமல் தோன்றியது. அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மாதம் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்து, வந்த வேகத்தில் என் சமையலைக் குறை சொல்கிற அக்காவிடமும் சொன்னதில்லை. அவள் முதல் முறையாக வீட்டுக்கு வந்தது நான் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது, கையில் குழந்தையோடு. நான் சொல்வது அதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது.

நைனாவின் விரல்கள் சொரசொரவென்று இருக்கும். பிலிமை ஓரத்தில் பிடி என்று எத்தனை முறை சொன்னாலும் கட்டைவிரலை நடுவில்தான் வைப்பார். இரண்டாவது காலை ஷிப்ட் வாரம் முடிவதற்குள் அக்காவின் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. நெற்றியில் எண்ணெய் ரேகை படிந்தது. சுவரில் வருகிற அக்காவின் கன்னத்திலும் ஒரு கோடு தெரிந்தது. இப்படியே போனால் அவளை முழுதாகத் தேய்த்து அழித்துவிடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது. கண்டுபிடித்தது நான், எனக்குத்தான் தெரிகிறது, தெரியாதவருக்கு எதற்கு இது என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை காலை நெகட்டிவை என் அறிவியல் புத்தகத்தின் பிரவுன் அட்டைக்குள் செருகி, மேலே லேபிளை ஒட்டிவிட்டேன்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது நைனா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டு, நகத்துக்குள்ளெல்லாம் தேய்த்து, துண்டில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முக்காலியை அவரே ஜன்னலோரம் எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எடு பாப்பா" என்றார்.

"தொலைஞ்சி போச்சி நைனா."

அவர் கை துண்டிலேயே நின்றது. "எங்க வச்ச?"

"இங்கதான் எங்கயோ வச்சேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முதலில் பாயை உதறினார். தலையணை உறைகளைக் கழற்றித் திருப்பினார். டிவி ஸ்டாண்டை இழுத்துப் பின்னால் கைவிட்டுத் துழாவினார். கேஸ் சிலிண்டரை உருட்டி நகர்த்தினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தார். கட்டிலுக்கு வெளியே அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடியே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வராத வித்தைக்கு இவ்வளவு தேடலா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அம்மா வேலை முடிந்து வரும்போது வீடு கலைந்து கிடந்தது. "இன்னா தேடிக்கினுகீறீங்க?" என்றாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து நைனாவின் குரல் வந்தது. "ஒண்ணுமில்ல. ஒரு ஸ்க்ரூ வுழுந்துடிச்சி."

"இன்னா ஸ்க்ரூ?"

"சின்னது. கம்பெனிது."

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் தேட ஆரம்பித்தாள். ஸ்க்ரூவைத்தான் தேடினாள். நாங்கள் இருவரும் எதைத் தொலைத்தோம் என்பது அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில், சிலிண்டர் இருந்த மூலையில் தூசிக்குள்ளிருந்து எதையோ எடுத்து ஊதி, முந்தானையில் துடைத்தாள். நிஜமாகவே ஒரு ஸ்க்ரூ. எந்தக் காலத்தில் எதிலிருந்து விழுந்ததோ தெரியாது, துருப்பிடித்திருந்தது.

"இதுவா பாருங்க" என்று நீட்டினாள்.

நைனா கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முழங்காலிலும் முடியிலும் ஒட்டடை. ஸ்க்ரூவை உள்ளங்கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா. இதான்" என்றார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மாவை நாங்கள் இருவருமாகச் சேர்ந்து ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் நைனாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாவே நம்பிவிட்ட பிறகு அவர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பசிக்கிறதோ என்னவோ என்று நினைத்து, அம்மாவிடம் அவருக்குச் சோறு போடச் சொன்னேன்.